உமிழ்நீர்ச் சுரப்பிக் கல் அகற்றுதல்: மருத்துவமனைப் பில், நோய்க் குறியீடு, காப்பீட்டுக் கோரிக்கை – வடசென்னை நோயாளிகளுக்கான விளக்கம்

உணவு உண்ணத் தொடங்கியதும் தாடையின் கீழ்ப்பகுதி வீங்கி வலிப்பதும், ஓரிரு மணி நேரத்தில் அவ்வீக்கம் தானாகவே வடிவதும் உமிழ்நீர்ச் சுரப்பிக் கல்லின் முதன்மையான அறிகுறிகளாகும். உமிழ்நீரில் உள்ள கால்சியம் உப்புகள் சுரப்பியிலோ அதன் நாளத்திலோ படிந்து இறுகுவதால் இக்கற்கள் உருவாகின்றன. பத்தில் எட்டு அல்லது ஒன்பது கற்கள் கீழ்த்தாடைச் சுரப்பியைச் சார்ந்தவை. அச்சுரப்பியின் உமிழ்நீர் கெட்டியானது. அதன் நாளம் நீண்டது. உமிழ்நீர் அதனுள் மேல்நோக்கிச் செல்ல வேண்டியுள்ளது. போதிய நீர் அருந்தாமையும், உமிழ்நீர்ச் சுரப்பைக் குறைக்கும் சில மருந்துகளும் கல் உருவாவதற்குத் துணைபுரியலாம்.

சிகிச்சை பெரும்பாலும் எளிதாகவே முடிகிறது. சிக்கல் பல நேரங்களில் பில் தொகையைச் செலுத்தும் இடத்தில்தான் தொடங்குகிறது. இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் குடும்பங்களில் ஒருவருக்கு இ.எஸ்.ஐ., மற்றொருவருக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை, மூன்றாமவருக்குத் தனியார் பாலிசி எனப் பாதுகாப்பு பலவாறாக அமைந்துள்ளது. செய்யப்பட்ட சிகிச்சை எந்தச் சொல்லால், எந்தக் குறியீட்டால் எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தே அந்தச் செலவு ஏற்கப்படுகிறது அல்லது மறுக்கப்படுகிறது. எனவே, மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன் நீங்கள் எவற்றைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

எச்சரிக்கை: காய்ச்சலுடன் நாக்கின் அடிப்பகுதி வீங்குதல், வாயைத் திறக்கவோ விழுங்கவோ இயலாமை, மூச்சுத் திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தால் காப்பீட்டு ஆவணங்களைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே 108 ஆம்புலன்சை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

ஒரே கல், வெவ்வேறு சிகிச்சைகள்

கல் நாளத்தின் வாய்ப்பகுதிக்கு அருகில் இருந்தால், உள்ளிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, வாயின் உள்ளே சிறு கீறலிட்டு அதனை எடுத்துவிடலாம். நோயாளி பெரும்பாலும் அன்றே வீடு திரும்புவார். சிறிய கற்களை, மெல்லிய உள்நோக்கியை நாளத்தின் வழியே செலுத்தி, கூடை போன்ற கருவியால் பிடித்து எடுக்கும் முறையும் உண்டு. இதற்கான கருவிகள் எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. கல் சுரப்பியின் ஆழத்தில் பதிந்திருந்தாலோ, சுரப்பி மீண்டும் மீண்டும் சீழ்பிடித்துச் செயலிழந்திருந்தாலோ, கழுத்தின் வெளிப்புறமாகக் கீறி, முழு மயக்கத்தில் சுரப்பியையே அகற்ற நேரிடும். இதற்கு மருத்துவமனையில் தங்க வேண்டும். நாக்கின் உணர்வுக்கும் கீழுதட்டின் அசைவுக்கும் உரிய நரம்புகள் அருகிலேயே செல்வதால், ஒப்புதல் படிவத்தில் அவற்றைப் பற்றிய குறிப்பு இடம்பெறும்.

இம்மூன்றையும் நோயாளிகள் "கல் ஆபரேஷன்" என்றே சொல்கிறோம். பில்லில் இவை மூன்று வேறுபட்ட சிகிச்சைகள். மூன்று வேறுபட்ட தொகைகள். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போதே மருத்துவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்: கல் எந்தச் சுரப்பியில், எப்பக்கம் உள்ளது, வாய்வழியாகவா வெளிப்புறமாகவா எடுக்கப்படும், சுரப்பி அகற்றப்படுமா, தக்கவைக்கப்படுமா. இம்மூன்று விடைகளும் ஸ்கேன் அறிக்கையிலும், முன் அனுமதிப் படிவத்திலும், இறுதி பில்லிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும்.

குறியீடுகளைப் படிக்கும் முறை

நோயின் பெயருக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-10 என்னும் பன்னாட்டு நோய் வகைப்பாடு பயன்படுகிறது. அதில் உமிழ்நீர்ச் சுரப்பியிலோ நாளத்திலோ உள்ள கல்லுக்கு உரிய குறியீடு கே 11.5. சுரப்பி அழற்சிக்குக் கே 11.2, சுரப்பியில் சீழ்க்கட்டிக்குக் கே 11.3 என்பன தனிக் குறியீடுகள். கழுத்துப் பகுதியில் வீக்கம் என்ற அறிகுறியை மட்டும் குறிப்பது ஆர் 22.1.

நடைமுறையில் நேரும் பிழை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. நோயாளி வீக்கத்துடன் வருகிறார். முதல் நாள் படிவத்தில் ஆர் 22.1 அல்லது கே 11.2 எழுதப்படுகிறது. பின்னர் ஸ்கேனில் கல் தெரிகிறது. அறுவை சிகிச்சையும் நடந்து முடிகிறது. ஆனால் படிவத்தில் பழைய குறியீடே நிற்கிறது. காப்பீட்டு நிறுவனத்தில் அதைப் பார்ப்பவருக்கு, மாத்திரையால் தீரக்கூடிய அழற்சிக்கு ஏன் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது என்ற ஐயம் எழுகிறது. கல்லும் அழற்சியும் சேர்ந்தே இருந்தால் இரண்டு குறியீடுகளும் எழுதப்பட வேண்டும். கல் முதன்மை நோயாகக் காட்டப்பட வேண்டும்.

செய்யப்பட்ட சிகிச்சைக்கு வேறொரு குறியீட்டுத் தொகுதி உண்டு. இந்தியக் காப்பீட்டுக் கோரிக்கைப் படிவத்தின் 'அ' பகுதியை நோயாளி நிரப்புகிறார். 'ஆ' பகுதியை மருத்துவமனை நிரப்புகிறது. அந்த 'ஆ' பகுதியில் நோய்க்கு ஐ.சி.டி-10, சிகிச்சைக்கு ஐ.சி.டி-10 பி.சி.எஸ். எனத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. பி.சி.எஸ். குறியீடு ஏழு எழுத்துகளைக் கொண்டது. மூன்றாவது எழுத்து என்ன செய்யப்பட்டது (கல் மட்டும் எடுக்கப்பட்டதா, சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டதா), நான்காவது எழுத்து எந்த உறுப்பு, ஐந்தாவது எழுத்து எவ்வழி என்பதைக் காட்டும். கே 11.5 என்ற நோய்க் குறியீட்டில் வலம், இடம் என்ற வேறுபாடு இல்லை; பி.சி.எஸ். குறியீட்டில் வலச் சுரப்பிக்கும் இடச் சுரப்பிக்கும் வேறு வேறு எழுத்துகள் உள்ளன. ஆகவே ஸ்கேன் அறிக்கை "இடது" என்றும் படிவம் "வலது" என்றும் சொன்னால், அது சிறிய எழுத்துப் பிழையாக இருந்தாலும் கோரிக்கை நிறுத்தி வைக்கப்படலாம். இக்குறியீடுகளை நீங்கள் மனனம் செய்ய வேண்டியதில்லை. பில் பிரிவில் "என் சிகிச்சைக்கு எழுதியுள்ள குறியீடு என்ன, அதன் பொருள் என்ன" என்று கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும்.

துறைமுகப் பகுதியில் கப்பல் பணியாளர் குடும்பங்கள் பல உள்ளன. வெளிநாட்டுக் கப்பல் நிறுவனத்தின் காப்பீட்டுக்குப் பில் அனுப்புவோரிடம் சில வேளைகளில் அமெரிக்க மருத்துவச் சங்கம் பராமரிக்கும் சி.பி.டி. என்னும் ஐந்து இலக்க எண் கேட்கப்படும். அதில் வாய்வழியே எளிதாகக் கல்லை எடுப்பது 42330. கீழ்த்தாடைச் சுரப்பிக் கல்லைச் சிக்கலான முறையில் வாய்வழியே எடுப்பது 42335. கன்னச் சுரப்பிக் கல்லை வெளிப்புறமாகவோ சிக்கலான வாய்வழி முறையிலோ எடுப்பது 42340. கீழ்த்தாடைச் சுரப்பியையே அகற்றுவது 42440. இந்திய மருத்துவமனை பில்லில் இந்த எண்கள் இல்லாதிருப்பது குறையன்று. அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலை இணைத்து அனுப்பினால் பெறுபவரே எண்ணை ஒப்பிட்டுக்கொள்ள இயலும்.

அரசு மருத்துவமனையும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும்

இராயபுரம் பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவே இப்பகுதி மக்களுக்கு அருகில் உள்ள பெரிய அரசுச் சிகிச்சை இடமாகும். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாய் மற்றும் முக அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ளது. அரசு மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். காப்பீட்டு அட்டை இல்லை என்பதற்காக யாரும் திருப்பி அனுப்பப்படுவதில்லை. சி.டி. போன்ற சில ஸ்கேன்களுக்கு மட்டும் சிறு கட்டணம் பெறப்படலாம். அதற்குரிய ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் அட்டை எதற்கு என்ற கேள்வி எழுவது இயல்பு. அரசு மருத்துவமனையில் அட்டையின் பேரில் அறுவை சிகிச்சை நடந்தால், அதற்குரிய தொகை காப்பீட்டிலிருந்து அம்மருத்துவமனைக்குக் கிடைக்கிறது. நோயாளி எதுவும் செலுத்துவதில்லை. திட்டத்தில் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலோ அட்டை இன்றியமையாதது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரி 11 அன்று தொடங்கப்பட்டது. 2018 செப்டம்பர் முதல் பிரதமரின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்துடன் இணைந்து செயல்படுகிறது. ஒரு குடும்பத்துக்கு ஓராண்டில் 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள திட்டப் பதிவு மையத்தை அணுக வேண்டும். சென்னை மாவட்டத்தினருக்கு அது இராஜாஜி சாலையில், கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகில் உள்ளது. திருவொற்றியூர் வட்டம் 2018-இல் திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. எனவே, கத்திவாக்கம், எண்ணூர் பகுதிகளில் பழைய சான்றுகளில் "திருவள்ளூர் மாவட்டம்" என்றே இருக்கக்கூடும். முகவரி ஆதாருடன் ஒத்திருக்கிறதா என்பதை முன்கூட்டியே சரிபாருங்கள். மீஞ்சூர், அத்திப்பட்டு பகுதியினர் இன்றும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவர்களே.

இத்திட்டத்தில் நீங்கள் வரிவரியான பில்லைக் காணமாட்டீர்கள். அறுவை சிகிச்சை, படுக்கை, மருந்து, பரிசோதனை, உணவு அனைத்தும் சேர்ந்த ஒரே தொகுப்புக்கு, அறுவை சிகிச்சைக்கு முன்பே இணையவழியில் அனுமதி பெறப்படுகிறது. ஆகவே அனுமதி எந்தத் தொகுப்பின் பெயரில் வந்துள்ளது என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். கல்லை மட்டும் எடுப்பதாகத் திட்டமிட்டு, அறுவை அரங்கில் சுரப்பியை அகற்ற நேரிட்டால், திருத்திய அனுமதியை மருத்துவமனைதான் கோர வேண்டும். அந்த வேறுபாட்டுத் தொகையை நோயாளியிடம் கேட்கக் கூடாது. சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனை தொகுப்புக்குள் அடங்கியவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். பொதுவான சுகாதார ஐயங்களுக்கு 104.

இ.எஸ்.ஐ. உறுப்பினர்கள்

மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும், இ.எஸ்.ஐ. சட்டத்துக்கு உட்பட்ட நிறுவனங்களின் தொழிலாளர்களும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினரும் மருத்துவப் பயனுக்கு உரியவர்கள். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இதில் அடங்குவர். ஊதியத்தில் 0.75 விழுக்காடு உங்களிடமிருந்து பிடிக்கப்படுகிறது, வேலையளிப்பவர் 3.25 விழுக்காடு செலுத்துகிறார். ஊதியச் சீட்டில் பிடித்தம் உள்ளது, ஆனால் இ.எஸ்.ஐ. எண் தரப்படவில்லை எனில், அதை நோய் வருவதற்கு முன்பே கேட்டுப் பெறுவது நல்லது.

உங்களுக்கு ஒதுக்கப்பட்ட இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் முதலில் காட்டுங்கள். அங்கிருந்து அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை போன்ற இடங்களுக்குப் பரிந்துரை வழங்கப்படும். வலி பொறுக்காமல் பரிந்துரையின்றி நேராகத் தனியார் மருத்துவமனைக்குச் சென்றுவிட்டுப் பின்னர் பில்லைக் கொண்டுவருவோருக்குத் தொகை திரும்பக் கிடைப்பது கடினம். அவசர நிலையாக இருந்திருந்தால் அது விடுவிப்புச் சுருக்கத்தில் தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பலர் கவனிக்கத் தவறுவது நோய்க்கால ஊதியப் பயனை. உரிய பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குப் பங்களிப்பு செலுத்தப்பட்டிருந்தால், மருத்துவர் சான்றளித்த ஓய்வு நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். முதல் இரு நாள்கள் பொதுவாகக் கணக்கில் வருவதில்லை. கழுத்து வழியாகச் சுரப்பி அகற்றப்பட்டு, பளு தூக்கும் வேலைக்கு உடனே திரும்ப இயலாத தொழிலாளிக்கு இத்தொகை பெரிதும் உதவும். சான்றில் ஓய்வின் தொடக்க நாளும் முடிவு நாளும் அறுவை சிகிச்சை நாளோடு பொருந்த வேண்டும்.

தனியார் பாலிசி வைத்திருப்போர்

இங்கேதான் சொற்களின் எடை மிகுதி. முதல் கேள்வி: சில மணி நேரத்தில் முடியும் இச்சிகிச்சை வெளிநோயாளி சிகிச்சையா, பகல்நேர சிகிச்சையா? புறநோயாளிச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. மயக்க மருந்தின் கீழ், 24 மணி நேரத்துக்கும் குறைவாக மருத்துவமனையில் இருந்து செய்துகொள்ளும் அறுவை சிகிச்சையை "டே கேர்" என்ற பகல்நேர சிகிச்சையாக ஏற்கின்றன. உள்ளிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதும் இதில் அடங்கும். பல பாலிசிகளின் பகல்நேர சிகிச்சைப் பட்டியலில் உமிழ்நீர்ச் சுரப்பியையும் நாளத்தையும் கீறுதல், நோயுற்ற பகுதியை அகற்றுதல், சுரப்பியை நீக்குதல் என்பவை தனி வரிகளாகவே உள்ளன. ஆனால் பில்லின் தலைப்பில் "வெளிநோயாளி – சிறு சிகிச்சை" என்று இருந்தால் அந்தப் பட்டியல் உங்களுக்கு உதவாது. உண்மையில் அறுவை அரங்கில் செய்யப்பட்டிருந்தால், பில்லிலும் சுருக்கத்திலும் சேர்க்கை நேரம், விடுவிப்பு நேரம், மயக்க முறை, அரங்கக் கட்டணம் ஆகியவை இடம்பெற வேண்டும். உண்மைக்கு மாறாக "ஒருநாள் தங்கியதாக" எழுதச் சொல்லாதீர்கள். அது மோசடியாகக் கருதப்பட்டு பாலிசியே நீக்கப்படலாம்.

இரண்டாவது, காத்திருப்புக் காலம். பல பாலிசிகளில் சிறுநீர்ப்பாதை, பித்தப்பை, பித்தநாளக் கற்களுக்கு 24 மாதக் காத்திருப்பு உண்டு. "கல்" என்ற ஒரு சொல்லைக் கண்டு உமிழ்நீர்க் கல்லையும் அதில் சேர்ப்பது தவறு. அந்த வரியில் எந்தெந்த உறுப்புகள் பெயர் சொல்லப்பட்டுள்ளன என்பதைப் படியுங்கள். எனினும் அதே பட்டியலில் "புற்றல்லாத காது மூக்கு தொண்டை நோய்கள்" என்ற வரியும் இருக்கலாம். அவ்வரியின் கீழ் மறுக்கப்பட்டால் வாதிடுவது கடினம். அவசரமில்லாத நிலையில், அறுவை சிகிச்சை நாளைக் குறிக்கும் முன் மருத்துவரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் இதைப் பேசுங்கள்.

மூன்றாவது, பல் சிகிச்சை என்ற குழப்பம். வாய்வழியே, வாய் மற்றும் முக அறுவை நிபுணர் ஒருவர் கல்லை எடுத்திருந்தால், பல் சிகிச்சை விலக்கின் கீழ் கோரிக்கை தள்ளப்படக்கூடும். சுரப்பியின் பெயரும் கே 11.5 குறியீடும் தெளிவாக இருந்தால் இக்குழப்பம் எழாது.

அறை வாடகையில் ஒரு கணக்கு உள்ளது. எடுத்துக்காட்டாக, பாலிசி ஒரு நாளைக்கு 3,000 ரூபாய் அறைக்கு அனுமதிக்கிறது. நீங்கள் 4,500 ரூபாய் அறையில் தங்குகிறீர்கள் எனக் கொள்வோம். கூடுதல் 1,500 ரூபாய் மட்டுமே உங்கள் பொறுப்பு என்று நினைப்பது இயல்பு. விகிதக் கழிவு விதி உள்ள பாலிசியில் அறுவை மருத்துவர் கட்டணம் போன்றவையும் மூன்றில் இரண்டு பங்காகக் குறைக்கப்படும். 30,000 ரூபாயில் 20,000 மட்டுமே ஏற்கப்படும். மருந்து, பரிசோதனை, உடலில் பொருத்தும் கருவிகள் ஆகியவற்றுக்கு இக்கழிவு பொருந்தாது. ஒரு நாளைக்கு 5,000 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு, தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக, 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு.

காப்பீடு ஏற்காத பொருள்கள் என 68 இனங்கள் கொண்ட பட்டியல் ஒன்று உள்ளது. இதைத் தவிர, அறை வாடகைக்குள்ளும், அறுவை சிகிச்சைக் கட்டணத்துக்குள்ளும், சிகிச்சைச் செலவுக்குள்ளும் அடங்கிவிட வேண்டியவை என மேலும் மூன்று பட்டியல்கள் உள்ளன. அம்மூன்றில் உள்ள பொருளுக்கு பில்லில் தனி வரி போடப்பட்டிருந்தால் நீங்கள் விளக்கம் கேட்கலாம். அறுவைக்கு முன் எடுத்த அல்ட்ராசவுண்ட், சி.டி. செலவுகளைப் பல பாலிசிகள் "சேர்க்கைக்கு முந்தைய செலவு" என்ற தலைப்பில் ஏற்கின்றன. பாலிசி சொல்லும் நாள் வரம்பைப் பாருங்கள்.

ரொக்கமில்லா சிகிச்சைக்கான முன் அனுமதிக் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்பும்போதான இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டு நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதம் வெளியிட்ட சுற்றறிக்கை கூறுகிறது. மூன்று மணி நேரத்தைத் தாண்டிய தாமதத்தால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனமே ஏற்க வேண்டும்.

மருத்துவமனையை விட்டு வெளியேறும் முன்

டிஸ்சார்ஜ் சம்மரி எனப்படும் விடுவிப்புச் சுருக்கத்தை வாங்கியவுடன் பையில் வைத்துவிடாமல், அங்கேயே அமர்ந்து படியுங்கள். ஆங்கிலம் படிக்க இயலாவிட்டால் படிக்கத் தெரிந்த உறவினரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது ஆகியவை பாலிசியில் உள்ளவாறே இருக்க வேண்டும். சுரப்பியின் பெயர், பக்கம், கல்லின் அளவு மில்லிமீட்டரில், எடுத்த முறை, மயக்க முறை ஆகியவை எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். "எத்தனை காலமாக" என்ற வரி மிக முக்கியமானது. இரண்டு மாதமாக உள்ள வீக்கம் கவனக்குறைவால் "இரண்டு ஆண்டு" என எழுதப்பட்டால், பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்ற பெயரில் கோரிக்கை மறுக்கப்படலாம். பிழை இருந்தால் மருத்துவரின் கையொப்பத்துடன் அன்றே திருத்தம் பெறுங்கள். பல நாள் கழித்துக் கொண்டுவரும் திருத்தம் ஐயத்தை உண்டாக்கும்.

ஒரே தொகையாக எழுதிய பில்லை ஏற்காமல், இனவாரியான பில்லையும், செலுத்திய தொகைக்கான ரசீதையும் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பதும், அவற்றை மூன்று ஆண்டு பாதுகாக்க வேண்டும் என்பதும் 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் உள்ளவை.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மறுப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதியின்படி மறுக்கப்பட்டது என்று குறிப்பிடப்பட வேண்டும். கடிதத்தில் காணப்படும் விலக்கு எண்களில் 01 என்பது முன்பே இருந்த நோய், 02 குறிப்பிட்ட நோய்க்கான காத்திருப்பு, 03 முதல் 30 நாள் காத்திருப்பு, 04 பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டது என்பதைக் குறிக்கும். எண் தெரிந்தால் எந்த ஆவணம் வேண்டும் என்பதும் தெரியும். எண் 04-க்கு அறுவை சிகிச்சைக் குறிப்பு போதுமானது. எண் 01-க்கு முதல் மருத்துவர் எழுதிய சீட்டும், தேதியுள்ள ஸ்கேன் அறிக்கையும் தேவைப்படும். குறியீட்டுப் பிழையே காரணமாயின், மருத்துவமனையிடம் திருத்தக் கடிதம் பெற்று, மறுபரிசீலனை கோருங்கள்.

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ, சென்னை அண்ணா சாலை தேனாம்பேட்டையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. ஆணையத்தின் பீமா பரோசா இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். இ.எஸ்.ஐ., முதலமைச்சரின் திட்டம் தொடர்பான குறைகள் இக்குறைதீர்ப்பாளரின் வரம்புக்குள் வருவதில்லை. அவற்றை அந்தந்தத் திட்டத்தின் அலுவலகத்தில் அளிக்க வேண்டும். மனுவுடன் விடுவிப்புச் சுருக்கம், ஸ்கேன் அறிக்கை, அறுவை சிகிச்சைக் குறிப்பு, மறுப்புக் கடிதம் ஆகியவற்றின் நகல்களை மட்டும் இணையுங்கள். அசல்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.